செஃபலு (சிசிலி): பலெர்மோவிலிருந்து ஒரு நாள் போதுமா? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

#1 நெய்தல்நிலா

செப்டம்பர் நடுவில் பலெர்மோவில் நாலு இரவு தங்கல். அதில் ஒரு நாள் செஃபலுவுக்கு. ஆள் கணக்கு: பெரியவர்கள் இரண்டு பேர், 11 வயதுப் பையன், 7 வயதுப் பெண், கூடவே அம்மா. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம்; படி ஏறினால் வலிக்கும், சமதளத்தில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார். சுத்த சைவம்.

ரயிலா, காரா? தேவாலயம், மலை, கடல் மூன்றும் ஒரே நாளில் முடியுமா? நாங்கள் மலை ஏறினால் அம்மா எங்கே உட்காருவார்? யூடியூபில் எல்லோரும் ‘சொர்க்கம்’ என்கிறார்கள். எத்தனை மணிக்கு எங்கே நிற்கணும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

#2 தெற்குவாடை

முடியும். ஆனால் வெயில் எந்த நேரம் எந்தப் பக்கம் விழும் என்பதைப் பிடித்துக்கொண்டு போகணும்.

ஊர் மேற்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கு. அதன் முதுகில், கிழக்குப் பக்கம், ரோக்கா என்கிற சுண்ணாம்புப் பாறை மலை, ஏறத்தாழ 270 மீட்டர். (கிரேக்கர் வைத்த பழைய பெயரே ‘தலை’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏன் என்று புரியும்.) ஏறும் பாதை ஊர்ப்பக்கச் சரிவில் போகிறது, அதனால் காலையில் மலையே உங்களுக்குக் குடை பிடிக்கும். பதினோரு மணி தாண்டினால் அதே சரிவு மொத்தமும் வெயில். வெள்ளைக் கல் சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும். மலை காலைக்கு உரியது.

தேவாலய முகப்பு இதற்கு நேர்மாறு. அது மேற்கு பார்த்தது. காலையில் படம் எடுத்தால் முகப்பு கறுத்து, பின்வானம் வெளுத்துப் போகும். நாலு மணிக்கு மேல் கல் தேன் நிறத்துக்கு மாறும். கடற்கரையிலிருந்து ஊரையும் மலையையும் சேர்த்து எடுக்கும் அந்தப் பிரபலமான படமும் மாலைப் படம்தான்.

ஆக: ஒன்பது மணிக்கு மலை வாசல், பதினொன்றரைக்குள் கீழே, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டு முதல் நாலு வரை கடல், நாலரைக்குத் தேவாலயம், ஆறுக்குமேல் பழைய துறைமுகம். செப்டம்பர் நடுவில் சூரியன் மறைவது ஏழு மணி தாண்டி. ஒன்று முதல் நாலு வரை ஊரில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், அந்த நேரத்தைக் கடலுக்குக் கொடுத்தால் நஷ்டமில்லை.

#3 பனையோலை (பலெர்மோ)

ரயில்தான். யோசிக்கவே வேண்டாம்.

பலெர்மோ சென்ட்ராலேயிலையிருந்து மெஸ்ஸினாப் பக்கம் போற ரெஜியோனாலே (பிராந்திய ரயில்) வண்டியள். வண்டியைப் பொறுத்து அம்பது நிமிசத்திலையிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆளுக்கு ஆறு, ஏழு யூரோ அளவு. 4 வயசிலையிருந்து 12 முடியாத பிள்ளையளுக்கு அரை டிக்கெட், உங்கட ரெண்டு பேருக்கும் அதுதான். போகேக்கை இடப்பக்க யன்னலைப் பிடியுங்கோ, கடல் அந்தப் பக்கம்.

சனம் குற்றக்காசு கட்டுறது ஒரே விசயத்துக்குத்தான். காகித டிக்கெட் எடுத்தால் ஏறமுதல் பிளாட்பாரத்திலை நிக்கிற சின்ன மெசினிலை குத்த வேணும். குத்தின நேரத்திலையிருந்து நாலு மணித்தியாலம் செல்லும். குத்தாட்டி டிக்கெட் கையிலை இருந்தும் இல்லாத மாதிரித்தான். போனிலை எடுத்தால் அதுக்கும் ‘செக்-இன்’ எண்டு ஒரு பொத்தான் இருக்கு, ஏறமுதல் அழுத்த வேணும். கனபேர் காசு கட்டினவுடனை முடிஞ்சுது எண்டு நினைக்கிறது.

ரெஜியோனாலேக்கு இருக்கை எண் இல்லை, முன்பதிவும் தேவையில்லை. அதாலை மாதக்கணக்கில் முன்னமே எடுக்க ஒரு காரணமும் இல்லை.

வேலைநிறுத்தம் (இஞ்சை ‘ஷோப்பெரோ’) இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பினம். வேலை நாளிலை காலமை 6–9, பின்னேரம் 18–21 மணிக்கு உறுதியா ஓடுற வண்டியள் இருக்கும். ஞாயிறு, விடுமுறை நாளிலை அந்த உறுதி இல்லை.

#4 நீலவண்டி

காரில் போகிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள், அவர்களுக்காக. பலெர்மோவிலிருந்து ஏ19 நெடுஞ்சாலை, புவோன்ஃபோர்னெல்லோவில் பிரிந்து ஏ20. தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஏ19இல் சுங்கம் கிடையாது. ஏ20இல் சின்னத் தொகை உண்டு. சுங்கச் சாவடியில் மஞ்சள் பலகை டெலிபாஸ் (தானாகச் சுங்கம் கட்டும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு. அதில் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்க முடியாது, நின்றால் வரிசையே ஹாரன் அடிக்கும்.

ஊரில் பணம் போவது இரண்டு இடத்தில். ஒன்று, பழைய ஊர் முழுக்க இசட்.டி.எல் என்கிற கட்டுப்பாட்டு வலயம். வட்டச் சிவப்புப் பலகை, பக்கத்தில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் கேமரா விழித்திருக்கிறது என்று பொருள். கூகுள் வரைபடம் உங்களை நேராக அதற்குள் கொண்டுபோகக்கூடும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். வாடகைக் கார் நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்காகத் தனிக் கட்டணமும் பிடிக்கும். இரண்டு, கோடுகளின் நிறம். நீலக் கோடு காசு, வெள்ளை இலவசம், மஞ்சள் உள்ளூர்க்காரர் அல்லது மாற்றுத்திறனாளி இடம். ஆகஸ்டில் கடற்கரைச் சாலை காலையிலேயே நிரம்பிவிடும். செப்டம்பர் நடுவில் அவ்வளவு மோசமில்லை, ஞாயிறு தவிர.

#5 கல்தச்சன்

தேவாலயத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். இந்த ஊருக்குப் போவதற்கான காரணம் அதுதான். கடல் சிசிலி முழுக்க இருக்கிறது.

இரண்டாம் ரோஜர் 1130ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று சிசிலியின் அரசனாக முடிசூடினான். அடுத்த ஆண்டே, 1131இல், இங்கே அடிக்கல் நாட்டினான். புயலில் தப்பிக் கரையேறியதற்கான நேர்த்திக்கடன் என்பது ஊர்க்கதை. தனக்கான கல்லறையாகவும் இதைத்தான் நினைத்திருந்தான்; 1145இல் இரண்டு செந்நிறப் போர்ஃபிரிக் கல் பேழைகளை இங்கே வைத்தான். 1154இல் இறந்தபோது அவனைப் பலெர்மோவில் புதைத்துவிட்டார்கள். பேழைகளைப் பேரன் இரண்டாம் ஃப்ரெடரிக் 1215இல் பலெர்மோவுக்குக் கொண்டுபோனான். பலெர்மோ பேராலயத்தில் நீங்கள் பார்க்கப்போகும் ஃப்ரெடரிக்கின் கல்லறையும் அவன் தந்தை ஆறாம் ஹென்ரியின் கல்லறையும் அந்தப் பேழைகள்தாம். முதல் நாள் பலெர்மோவில் அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கதை கூடிவரும்.

உள்ளே நுழைந்ததும் பலர் ஏமாறுவார்கள். நடுக்கூடம் வெறும் கல். பலெர்மோவுக்குப் பக்கத்து மோன்ரெயாலே பேராலயம்போலச் சுவர் முழுக்கப் பொன் இருக்காது. மொசைக் (சிறு துண்டுகள் பதித்த சித்திரம்) இருப்பது பீடத்தின் பின்னாலுள்ள வளைகுழிவிலும் அதைச் சேர்ந்த பகுதியிலும் மட்டும். குழிவின் வேலை முடிந்த ஆண்டு 1148 என்று அங்கேயே பொறித்திருக்கிறார்கள். மோன்ரெயாலே மொசைக்குகளுக்கு ஒரு தலைமுறை மூத்தவை. அளவில் மோன்ரெயாலே, கைத்திறனில் செஃபலு: இது என் கட்சி, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மேலிருந்து கீழாகப் பாருங்கள். குழிவில் மார்பளவு கிறிஸ்து. வலக்கை ஆசி, இடக்கையில் திறந்த நூல். நூலில் ‘உலகின் ஒளி நானே’ என்ற யோவான் 8:12 வசனம், ஒரு பக்கம் கிரேக்கத்தில், மறுபக்கம் இலத்தீனில். ரோஜரின் அரசவை எந்தெந்த மொழிகளில் இயங்கியது என்பதற்கு அந்த இரண்டு பக்கமே சான்று (மூன்றாவது மொழி அரபு, அது நூலில் இல்லை). நெற்றியில் தனித்து விழும் இரண்டு மயிரிழைகளைத் தேடச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. அடுத்த வரிசையில் கைகளை உயர்த்திய மரியா, இருபுறமும் நான்கு தலைமைத் தூதர்கள். அதன் கீழே இரு வரிசைகளில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்.

நிற்கும் இடம் முக்கியம். முதலில் நடுக்கூடத்தின் பாதியில் நின்று முழுசாகப் பாருங்கள். பிறகு முன்னே போங்கள். நேராக அடியில் போய் நின்றால் கழுத்துத்தான் வலிக்கும். சின்ன பைனாகுலர் இருந்தால் கண்டிப்பாக எடுங்கள். பொற்றகடு பதித்த கண்ணாடித் துண்டுகளைச் சற்றே சாய்த்துப் பதித்திருப்பது அப்போதுதான் தெரியும். நாம் நகர நகரப் பொன் மினுங்குவதற்குக் காரணம் அந்தச் சாய்வு.

தேவாலயத்துக்குள் நுழைவு இலவசம். கோபுரம், கூரை, உள்முற்றம், கருவூலம் ஆகியவற்றுக்குத் தனிச்சீட்டு. எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. உள்முற்றத்தில் இரட்டைத் தூண்கள், தூண்தலைகளில் சிற்பம். நோவாவின் பேழை செதுக்கிய ஒன்று இருக்கிறது. அது அம்மாவுக்கும் ஆகும். கோபுரம் குறுகிய படி, அம்மாவுக்கு ஆகாது. மலை ஏறியவர்களுக்குக் காட்சியும் புதிதல்ல.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கடலிலிருந்து நேரே வருகிறீர்கள் என்றால் பையில் ஆளுக்கொரு சால்வை. பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஞாயிறு காலையைத் தவிர்க்கவும். திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் மதியம் பூட்டுவதும் உண்டு. போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் இரண்டு கோபுரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றின் உச்சி நாற்பட்டை, மற்றதன் உச்சி எண்பட்டை. பெரும்பாலோர் இரட்டைக் கோபுரம் என்று ஒரே படத்தில் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

#6 நெய்தல்நிலா

கல்தச்சன் ஐயா, நன்றி. பேழை விஷயம் எங்கள் பட்டியலிலேயே இல்லை. ரோக்கா பற்றி: 7 வயதுப் பெண்ணால் ஏற முடியுமா? உச்சிவரை போகணுமா?

#7 தெற்குவாடை

உச்சிவரை போக வேண்டாம். இதுதான் ரோக்காவில் எல்லோரும் செய்கிற தப்பு.

பழைய ஊரின் முக்கிய வீதியான கோர்சோ ருஜ்ஜேரோ தொடங்கும் கரிபால்டி சதுக்கத்துக்குப் பக்கத்திலிருந்து படிச்சந்து மேலே போகும். சீட்டு வாங்கும் வாசல் அங்கே மேலே. ஆளுக்கு ஐந்து யூரோ சுற்றி. அதன்பிறகு கல்பதித்த வளைவுப் பாதை, பல் வைத்த பழைய மதில், நடுநடுவே பைன் மரங்கள். இருபது முப்பது நிமிடத்தில் ‘தியானா கோயில்’ என்கிற பெருங்கல் கட்டடம். கிட்டத்தட்ட பாதி உயரம். உள்ளே அதைவிடப் பழைய நீர்த்தொட்டி ஒன்று உண்டு, கட்டடமே அந்த நீரைச் சுற்றி எழுந்ததுதான் என்கிறார்கள்.

அந்த மட்டத்திலேயே ஊர்ப்பக்க மதிலோரம் நடங்கள். இரட்டைக் கோபுரத்தோடு தேவாலயம், ஓட்டுக்கூரைகள், துறைமுகம் எல்லாம் காலடியில் விழும். நீங்கள் இணையத்தில் பார்த்த மேலிருந்து எடுத்த படம் இங்கே எடுத்தது. உச்சியிலிருந்து தேவாலயம் இவ்வளவு நெருக்கமாகத் தெரியாது. அங்கே இடிந்த கோட்டைச் சுவர்களும் நீளக் கரையும்தான்; வானம் தெளிந்த நாளில் அயோலியத் தீவுகளும் தெரியும். கோயிலுக்கு மேல் பாதை செங்குத்து, கல் உருளும். பையன் அப்பாவோடு உச்சிக்குப் போகட்டும், பெண்ணோடு நீங்கள் கோயில் மட்டத்தில் இருங்கள். மதில் சில இடத்தில் தாழ்வு, கையைப் பிடித்துக்கொள்ளணும்.

செருப்பு வேண்டாம். காலங்காலமாக ஆள் நடந்து வழவழவென்று ஆன சுண்ணாம்புக் கல். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது வழுக்கும். மழை பெய்தாலோ காற்று பலமானாலோ வாசலையே பூட்டிவிடுவார்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை.

#8 உப்புக்காற்று

தெற்குவாடை சொன்ன காலை நேரத்துக்கு ஒரு மறுப்பு. நிழல் சரி, படம் சரியில்லை. காலையில் மேலிருந்து பார்த்தால் பழைய ஊர் பாதி மலை நிழலுக்குள் கிடக்கும். வெளிச்சமும் நிழலும் வெட்டிக்கொள்ளும். கேமராவோடு போகிறவர்கள் மாலை நாலு மணிக்கு ஏறலாம். என்ன, கடைசி நுழைவு நேரத்தைப் பார்த்துக்கொள்ளணும். பூட்டுவதற்கு வெகு முன்னாலேயே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். சூரிய மறைவை மேலே நின்று பார்க்கலாம் என்ற கனவு பெரும்பாலும் நடக்காது.

#9 தெற்குவாடை

உண்மைதான். ஆனால் கேட்டவர் ஏழு வயதுக் குழந்தையோடு போகிறார். படம் பத்தரை மணிக்கு எடுத்தால் போதும், நிழல் அதற்குள் பின்வாங்கியிருக்கும்.

#10 மேற்குவாசல்

அம்மாவுக்கான வழி. ஸ்டேஷனிலிருந்து கரிபால்டி சதுக்கத்துக்குச் சாதாரணமாகப் பத்து நிமிடம், அவர் நடையில் பதினைந்து இருபது. அங்கிருந்து கோர்சோ ருஜ்ஜேரோ கிட்டத்தட்டச் சமதளம், தேர்வீதி மாதிரி நேர்க்கோடு, தேவாலயச் சதுக்கத்தில் கொண்டுவிடும். சதுக்கத்தில் பனைமரங்கள், காபிக்கடை மேசைகள். மேசையில் உட்கார்ந்தால் கவுன்டரில் நின்று குடிப்பதைவிட விலை கூட, ஆனால் அந்தக் காசுக்கு இரண்டு மணி நேரம் எழுப்ப மாட்டார்கள். நீங்கள் மலையிலிருந்து இறங்கும்வரை அம்மா அங்கே இருக்கலாம். எழுந்தால் எதிரே தேவாலயம், அதன் முன்படி மட்டும் கைப்பிடித்து ஏற்றிவிட வேண்டும்.

சதுக்கத்திலிருந்து மேற்கே கடலை நோக்கி இறங்கும் சந்துகள் எல்லாமே சரிவு, கூழாங்கல் தரை. அதில் ஒன்றுதான் மந்த்ராலிஸ்கா தெரு. கீழே விட்டோரியோ இமானுவேலே தெரு, கோர்சோவுக்கு இணையாகக் கடலோரம் ஓடுவது. அங்கே பார்க்க வேண்டியது இரண்டு.

லவத்தோயோ, பழைய துணிதுவைக்கும் துறை. தெருவிலிருந்து எரிமலைக்கல் படிகளில் கீழே இறங்கணும். மலையடியிலிருந்து வரும் செஃபலினோ என்கிற நீர், 22 இரும்பு வாய்களில் கொட்டுகிறது. 15 வாய்க்குச் சிங்க முகம். கல்தொட்டிகளில் துணி அடிக்கும் சாய்வு தேய்ந்து கிடக்கிறது. வாசலில் ‘வெள்ளியிலும் தூயது, பனியிலும் குளிர்ந்தது’ என்று நீரைப் புகழும் வாசகம். நம்மூர்ப் படித்துறையில் துணி துவைத்த தலைமுறைக்கு இது தேவாலயத்தைவிடப் பிடிக்கும். இலவசம். படி அகலம், ஆனால் ஈரம். அம்மா மேலே தெருவில் நின்றே முக்கால்வாசி பார்த்துவிடலாம், தொட்டிகள் தெரியும்.

அங்கிருந்து வடக்கே சில அடிகளில் போர்த்தா பெஸ்காரா. பழைய நான்கு வாசல்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். கூர்வளைவுக்குள் கடல் சட்டம் போட்ட மாதிரி. மாலையில் அதற்குப் படமெடுக்கும் கூட்டம். பத்து நிமிடம் பொறுத்தால் கலையும்.

கடைசியாக, கோர்சோவை வடக்கே முடிவுவரை நடந்தால் மார்க்கியாஃபாவா கொத்தளம். கடலுக்குள் நீண்ட பதினேழாம் நூற்றாண்டு மேடை, கீழே பாறை, கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்துப் பெருங்கல் மதிலின் மிச்சம் பக்கத்திலேயே. காற்று நன்றாக வரும். ஊரில் கூட்டம் குறைந்த இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

#11 கல்தச்சன்

மந்த்ராலிஸ்கா தெருவைச் சொல்லிவிட்டு அருங்காட்சியகத்தைச் சொல்லாமல் விட்டீர்களே. மந்த்ராலிஸ்கா பிரபு என்ரிக்கோ பிராய்னோ (1809–1864) சேர்த்தவை. கிளிஞ்சல் ஆய்வாளர், ஆயிரக்கணக்கில் ஓடுகள், பெண் குழந்தை அங்கிருந்து நகராது. ஆனால் போக வேண்டியது ஒரே ஓவியத்துக்காக: அன்தொனெல்லோ தா மெஸ்ஸினா வரைந்த பெயர் தெரியாத ஆணின் முகம், ‘அறியப்படாத மாலுமி’ என்று அழைப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு, ஏறத்தாழ 30க்கு 25 செ.மீ., ஒரு நோட்டுப்புத்தக அளவு. முக்கால் திரும்பிய முகம், கறுத்த பின்னணி, கேலியா கனிவா என்று தீர்மானிக்க முடியாத சிரிப்பு. முன்னே நின்று இரண்டடி இடமும் வலமுமாக நகர்ந்து பாருங்கள்.

இன்னொன்று, கி.மு. நான்காம் நூற்றாண்டு மட்கலத்தில் சூரை மீன் வெட்டி விற்கும் கடைக்காரன், எதிரே வாங்க நிற்பவன். மீன் சந்தையின் பேரம் அப்படியே இருக்கிறது.

மற்ற அறைகள் சுமார்தான். நாற்பது நிமிடம் போதும்.

#12 உப்புக்காற்று

கடல். பழைய ஊருக்குத் தென்மேற்கே லுங்கோமாரே என்கிற கடற்கரைச் சாலை, அதையொட்டி ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு மணல். ஆழம் மெதுவாக இறங்கும், குழந்தைகளுக்கு ஏற்றது. செப்டம்பர் நடுவில் நீர் 24, 25 டிகிரி. ஆகஸ்டின் சூடு இன்னும் மிச்சமிருக்கும்.

கரையில் இரண்டு வகை. ‘லீதோ’ என்றால் தனியார் குடை, சாய்நாற்காலி வரிசை. காசு. முன்வரிசைக்கு விலை கூட, மாதத்துக்கு மாதம் மாறும். அரை நாள் கட்டணம் உண்டா என்று கேளுங்கள், மதியத்துக்குப் பிறகு குறைப்பார்கள். ‘ஸ்பியாஜ்ஜா லீபெரா’ என்றால் பொது மணல், உங்கள் துண்டை விரித்துக்கொள்ளலாம். பழைய ஊர்ப்பக்கத்தில் ஒரு பகுதி இருக்கு. லீதோவுக்கு முன்னால் இருக்கும் நீரோரப் பட்டை எல்லோருக்கும் பொது, நடக்கலாம், கடலில் இறங்கலாம்; அதில் துண்டு விரித்து உட்கார்ந்தால்தான் எழுப்புவார்கள். அம்மாவுக்கு நாற்காலியும் நிழலும் வேண்டும் என்றால் ஒரு குடை, இரண்டு நாற்காலி எடுத்து, மற்றவர்கள் நீரிலேயே இருப்பது கட்டுபடியாகும்.

காற்று: வடமேற்கிலிருந்து ‘மயெஸ்த்ராலே’ அடித்தால் இந்தக் கரை நேராக வாங்கும், சிவப்புக் கொடி ஏறும். அன்றைக்குத் துறைமுகக் கல்லணைக்கு உட்புறம் இருக்கும் சின்ன மணல்தான் கதி. மலைக்குக் கிழக்கே கல்தூரா இருக்கிறது, ஆனால் அது பாறையும் கூழாங்கல்லும். ரப்பர் காலணி வேண்டும், நீந்தத் தெரிந்தவர்களுக்கு.

சொறிமுட்டை (ஜெல்லி மீன்) சில நாள் ஒதுங்கும். பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொட்டுசெல்கள் வெடித்து எரிச்சல் கூடும். தேய்க்கவும் கூடாது.

#13 பனையோலை (பலெர்மோ)

சாப்பாடு. சைவ ஆக்களுக்குச் சிசிலி கஸ்டம் இல்லை, ஆனால் பேரை நம்பக் கூடாது.

அரன்சீனா எண்டு சோத்து உருண்டை பொரிச்சது. அதிலை ‘அல் பூர்ரோ’ எண்டால் பட்டர் எண்டுதான் அர்த்தம், ஆனால் உள்ளுக்கு ஹாம் இருக்கும். கனபேர் இதிலைதான் பிழை விடுறது. ‘ஸ்பினாச்சி’ (கீரை) கிடைச்சால் எடுங்கோ, கேட்டிட்டு. பனெல்லே: கடலைமா வடை, பாணுக்குள்ளை வைச்சுத் தருவினம். அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் அதே எண்ணெயிலை மீனும் பொரிக்கிறவையோ எண்டு கேக்க வேணும். பாஸ்தா அல்லா நோர்மா: தக்காளி, பொரிச்ச கத்தரிக்காய், உப்புப் போட்ட ரிக்கோத்தா பாற்கட்டி. கபொனாத்தா: கத்தரிக்காய், செலரி, ஒலிவ், புளிப்பும் இனிப்பும். இதுக்குள்ளை சில இடத்திலை கணவாயோ மீனோ போடுவினம். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே’ (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) எண்டு ரெண்டையும் சொல்லுங்கோ. ‘வெஜிதேரியானா’ எண்டு மட்டும் சொன்னால் நெத்தலியை ஆரும் கணக்கிலை எடுக்கிறேல்லை. பாற்கட்டியிலை விலங்கு ரெனெட் (பாலை உறைய வைக்கக் கன்றின்ரை வயித்திலையிருந்து எடுக்கிறது) இருக்கலாம், அதுவும் கூடாதெண்டால் தக்காளி பாஸ்தாவோடை நிக்க வேணும்.

இறைச்சி சாப்பிடுறவைக்கு ‘பாஸ்தா ஆ தையானு’, செஃபலுவின்ரை சொந்தச் சாப்பாடு. மண்சட்டியிலை பாஸ்தாவோடை இறைச்சி, கத்தரிக்காய், பெக்கொரீனோ (செம்மறிப் பாற்கட்டி) அடுக்கி வைக்கிறது. ஆகஸ்ட் திருவிழாவிலை வீட்டுக்கு வீடு செய்வினம்.

பில்லிலை ‘கொப்பெர்த்தோ’ எண்டு ஆளுக்கு ரெண்டு மூண்டு யூரோ வரும். ஏமாத்தில்லை, இருக்கை, பாண் காசு. மத்தியானச் சமையல் ரெண்டரைக்கு முடிஞ்சிடும், ராத்திரி ஏழரைக்கு முன்னம் அடுப்பு பத்தாது. பிள்ளையளுக்கு இடையிலை பசிச்சால் கிரானீத்தாவும் (இனிப்பு ஐஸ்) பிரியோஷும் (மெதுபன்).

#14 நீலவண்டி

ஒரு இரவு தங்குபவர்களுக்கு: பகல் வண்டிகள் திரும்பியபின் ஊர் வேறு. மறுநாள் காரில் ஜிபில்மான்னா (800 மீட்டர் உயரத்தில் கப்புச்சின் துறவிகளின் மாதா கோயில், கோடையிலும் குளிர்), பிறகு கஸ்தெல்புவோனோ (1316இல் தொடங்கிய வெந்திமில்யா குடும்பத்துக் கோட்டை). அங்கே மன்னா விற்பார்கள், ஃப்ராஸ்ஸினோ மரப்பட்டையைக் கீறி வடியவிட்டு உறைய வைத்த இனிப்புப் பிசின். நிறையத் தின்றால் வயிறு இளகும், மருந்தாகவும் அதற்குத்தான். மேற்கே, புவோன்ஃபோர்னெல்லோ பக்கம், ஹிமேரா: கி.மு. 480இல் கிரேக்கர் கார்த்தேஜைத் தோற்கடித்த இடம், வெற்றிக் கோயிலின் அடித்தளம் மட்டும் மிச்சம். ரயில்பாதை வேலையின்போது ஆயிரக்கணக்கான கல்லறைகள் அங்கே வெளிவந்தன. பேருந்தை நம்பி இவற்றைத் திட்டமிடாதீர்கள்.

ஆகஸ்டில் போகிறவர்கள் 6ஆம் தேதியைப் பிடிக்கலாம். துறைமுகத்தில் கடல்மேல் கிடையாக நீட்டிய வழுக்குமரம், நுனியில் கொடி. ‘ந்தின்னா ஆ மாரி’ என்று பெயர். நம்மூர் உறியடி வழுக்குமரத்தைப் படுக்கப்போட்டு, கீழே கடலை வைத்த மாதிரி. 14ஆம் தேதி ஒளியின் மாதாவைப் படகில் ஏற்றி ஊர்வலம்.

#15 பனையோலை (பலெர்மோ)

பலெர்மோவிலை நாலு இரவு எண்டபடியால் ஒண்டு. மொந்தே பெல்லெக்ரீனோ மலையிலை சாந்தா ரொசாலியா குகைக்கோயில். பலெர்மோவிலை இருக்கிற எங்கட தமிழ் ஆக்கள், இந்துவோ கிறிஸ்தவமோ, ஞாயிற்றுக்கிழமையள் அங்கை போறவை. நேர்த்தி வைக்கிறவையும் கனபேர். தமிழ்ச் சாமான் வேணுமெண்டால் பல்லரோ சந்தைப் பக்கம் கேளுங்கோ.

#16 நெய்தல்நிலா

எல்லோருக்கும் நன்றி. எங்கள் திட்டம்: முதல் நாள் பலெர்மோ பேராலயத்தில் போர்ஃபிரிப் பேழை. ஞாயிறு காலை வண்டி, ஒன்பதுக்கு ரோக்கா, நான் பெண்ணோடு தியானா கோயில்வரை. அம்மா சதுக்கத்தில். பன்னிரண்டுக்கு அருங்காட்சியகம், சாப்பாடு, கடல், நாலரைக்குத் தேவாலயம், ஏழுக்குப் போர்த்தா பெஸ்காரா.

#17 கல்தச்சன்

ஞாயிறு வேண்டாம், செவ்வாயோ புதனோ ஆக்குங்கள். பூசை, வண்டிக் கூட்டம், கடற்கரைக் கூட்டம் மூன்றும் அன்று சேரும். அருங்காட்சியகத்தைக் கடலுக்குப் பின் வைக்காததும் நல்லது, ஈர உடையோடு விடமாட்டார்கள்.

#18 மேற்குவாசல்

கடல் முடிந்து தேவாலயத்துக்கு அம்மா மீண்டும் சரிவு ஏற வேண்டியிருக்கும். லுங்கோமாரேயிலிருந்து சந்துவழி ஏறாமல், கரிபால்டி சதுக்கம் வழியாகச் சுற்றிக் கோர்சோவுக்கு வாருங்கள். தூரம் கூட, ஆனால் படி இல்லை.

#19 பனையோலை (பலெர்மோ)

ஏழு மணிக்குச் சூரியன் பாத்திட்டு ஸ்டேசனுக்கு அம்மாவோடை நடக்க அரை மணித்தியாலத்துக்கு மேலை போகும், எட்டு மணிக்குப் பிறகு வாற வண்டியைப் பாருங்கோ. இரவிலை வண்டியளுக்கிடையிலை இடைவெளி கூட, கடைசி வண்டி எத்தினை மணிக்கெண்டு காலமையே எழுதி வையுங்கோ. திரும்பிற டிக்கெட்டையும் குத்த வேணும், காலமை குத்தினது வேறை டிக்கெட்.